பட்டறைப் பக்கம்: சத்தம் கூடினால் இழுவை கூடுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்றை முழுசாகவே தருகிறேன். எழுதியவர் ஓர் அம்மா. ஊர், கும்மிடிப்பூண்டிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“ஐயா, எங்களுக்கு ரெண்டரை ஏக்கர் நிலம். ஒரு ஏக்கர் நெல், மீதி மாந்தோப்பு. என் மகன் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறான். தோப்புக்கு மருந்தடிக்க ஆள் கிடைக்காததால், கடற்கரையில் ஓட்டுவார்களே, அந்த நாலு சக்கர ஏ.டி.வி. பைக் ஒன்றைப் பழசாக வாங்கினான். மூடிப்போன ஒரு ரிசார்ட்டில் நின்றிருந்த வண்டி. பின்னால் சின்ன டிரெய்லர் கோத்து, 200 லிட்டர் டிரம்மும் ஸ்பிரேயரும் வைத்து இழுக்கிறான். மூன்று மாதம் நன்றாக இழுத்தது. இப்போது வரப்பு மேட்டில் ஏறவே மறுக்கிறது. ரப்பர் கருகும் வாடை வருகிறது. கிளட்ச் ஸ்பிரிங், வெயிட், சைலன்ஸர் மூன்றையும் மாற்றினால் வண்டி பறக்கும், 38,000 ரூபாய் ஆகும் என்று தெரிந்த மெக்கானிக் சொல்கிறாராம். மகன் என் சங்கிலியை அடகு வைக்கக் கேட்கிறான். போன வருஷம்தான் மீட்டோம். கொடுக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.”

கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். என் பட்டறையிலிருந்து அரை மணி நேர ஓட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டேன். தம்பி நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் காத்திருந்தார். அங்கே பார்த்ததையும் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன். ஏ.டி.வி. இல்லாதவர்களும் படியுங்கள். ஸ்கூட்டர், மொபெட், பவர் டில்லர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

கிளட்ச் எப்படி வேலை செய்கிறது?

இந்த வகை வண்டிகள் பலவற்றில் டிராக்டரைப் போல மிதிக்கிற கிளட்ச் கிடையாது. நம் ஊர் கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருக்கிற அதே ஏற்பாடுதான். முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவில் வி-பெல்ட். பழைய ரைஸ் மில்லில் பட்டை ஓடுமே, அதைப் போல. ஒரே வித்தியாசம், இங்கே புல்லியின் இரண்டு கன்னங்களும் நெருங்கும், விலகும். முன் கன்னங்கள் விலகியிருந்தால் பெல்ட் உள்ளே இறங்கிச் சின்ன வட்டத்தில் ஓடும். அது இழுவை கியர். நெருங்கினால் பெல்ட் மேலே ஏறிப் பெரிய வட்டத்தில் ஓடும். அது வேக கியர்.

கன்னங்களை நெருக்குவது யார்? உள்ளே இருக்கிற வெயிட் ரோலர்கள். திருவிழா ராட்டினம் வேகமெடுத்தால் தொட்டில்கள் வெளியே விரியும் அல்லவா? அதேபோல இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது ரோலர்கள் வெளிப்பக்கம் ஓடி கன்னத்தைத் தள்ளும். பின் புல்லியில் இருக்கிற ஸ்பிரிங், ‘அவ்வளவு சீக்கிரம் விடமாட்டேன்’ என்று பெல்ட்டைப் பிடித்து நிற்கும். இந்த இரண்டுக்கும் நடக்கிற தள்ளுமுள்ளுதான் கியர் மாறுவது.

இனி அந்த மெக்கானிக் சொன்னதைப் பார்ப்போம். எடை குறைந்த ரோலர் போட்டால், கன்னத்தை நெருக்க இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் வண்டி இழுவை கியரிலேயே அதிக நேரம் நிற்கும். புறப்படும்போது விறுவிறுப்பாக இருக்கும். பின் ஸ்பிரிங்கை இறுக்கமாகப் போட்டால், மேடு வரும்போது சட்டென்று இழுவை கியருக்குத் திரும்பும். ஆக, அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. இன்ஜின் எப்போதும் கூடுதல் சுற்றில் ஓடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். ஸ்பிரிங் அளவுக்கு மீறி இறுகினால் பெல்ட்டும் சீக்கிரம் தேயும்.

முக்கியமான கேள்வி வேறு. மூன்று மாதம் அதே ரோலர், அதே ஸ்பிரிங்கோடு இழுத்த வண்டி இப்போது ஏன் இழுக்கவில்லை? இதற்குப் பதில் தெரியாமல் சாமான் மாற்றுவது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் ஊசி போடுவது மாதிரி.

தோப்பில் கண்டது

முதலில் கியர் லீவரைப் பார்த்தேன். ‘ஹெச்’ என்ற இடத்தில் இருந்தது. அதற்குக் கீழே ‘எல்’ என்று இன்னொரு இடம் உண்டு. “இதில் போட்டு ஓட்டியிருக்கிறீர்களா?” என்று கேட்டேன். “மெதுவாகப் போகும் என்பதால் போடுவதில்லை” என்றார் தம்பி. பாதி நோய் இதுதான். ஹெச் காலி வண்டிக்கு, நல்ல பாதைக்கு. சுமை இழுக்கும்போதும், மேடேறும்போதும், நடை வேகத்தில் மருந்தடிக்கும்போதும் எல்-லில்தான் ஓட்ட வேண்டும். ஹெச்-சில் பாரத்தைக் கட்டி ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பெல்ட் வழுக்கும். வழுக்கினால் சூடேறும். அந்த ரப்பர் வாடை அதுதான்.

அடுத்து பெல்ட் பெட்டியைக் கழற்றினோம். பெல்ட்டின் இரு பக்கமும் கண்ணாடி மாதிரி மினுங்கியது. அகலமும் கம்பெனி கையேட்டில் சொன்ன கடைசி அளவுக்குக் கீழே தேய்ந்துவிட்டது. பெட்டிக்குள் குளிர்ந்த காற்று போக ஒரு குழாய் இருக்கிறது. அதன் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. சூடான பெல்ட்டுக்குக் காற்றும் இல்லை.

ஏர் ஃபில்டரைத் தட்டினால் மாந்தோப்புப் புழுதி ஒரு கைப்பிடி கொட்டியது. சைலன்ஸர் முனையில் தீப்பொறி தடுக்கும் வலை ஒன்று உண்டு. அதில் கரி அப்பி, பாதித் துளை அடைபட்டிருந்தது. ரிசார்ட்டில் வருஷக்கணக்கில் மெதுவாக ஓட்டி நிறுத்திய வண்டிக்கு இப்படித்தான் ஆகும். டயரில் இரண்டு பக்கமும் காற்று சமமில்லை. இந்த வகை டயருக்குக் காற்று மிகக் குறைவாகவே அடிக்க வேண்டும், பெரும்பாலும் 5 பி.எஸ்.ஐ. பக்கம்தான். டயர் மீதும் வண்டி ஸ்டிக்கர் மீதும் எழுதியிருப்பதைப் பார்த்து, சின்ன அளவு காட்டும் கேஜ் வைத்து அடியுங்கள். பஞ்சர் கடையில் பைக் டயருக்கு அடிப்பதைப் போல அடித்தால் பிடிமானம் போய்விடும்.

கடைசியாகப் பாரம். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. டிரம், இரும்பு டிரெய்லர், ஸ்பிரேயர் இன்ஜின் எல்லாம் சேர்த்தால் 300-ஐத் தாண்டும். வண்டி இழுக்கத்தக்க பாரம் கையேட்டில் இருக்கிறது. நாம் அதைத் தாண்டியிருந்தோம். தண்ணீரை 120 லிட்டராகக் குறைத்து இரண்டு நடை போங்கள் என்று சொன்னேன்.

அன்றைக்கே வலையைக் கழற்றி பிரஷ்ஷால் கரியைத் தேய்த்து எடுத்தோம். குளவிக்கூட்டை நீக்கினோம், ஃபில்டரைக் கழுவிக் காய வைத்து எண்ணெய் தடவிப் பொருத்தினோம். எல்-லில் போட்டு, குறைத்த பாரத்தோடு ஓட்டியதில் தேய்ந்த பெல்ட்டுடனே அந்த வரப்பு மேட்டில் ஏறியது. புது பெல்ட் சென்னையிலிருந்து வந்து மறுவாரம் மாட்டியாயிற்று. பெல்ட், பிளக், ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து 6,000 ரூபாய்க்குள் முடிந்தது. பெல்ட் மாற்றும்போது புல்லி கன்னங்களைச் சுத்தமான துணியால் துடையுங்கள். கிரீஸ் கைபட்டுவிடக் கூடாது.

அப்படியானால் ரோலர் மாற்றவே வேண்டாமா?

சில இடங்களில் மாற்றலாம். பெரிய டயர் போட்டிருந்தால், பழவேற்காடு பக்கம் மணலிலேயே ஓட்டுவதாக இருந்தால், எல்லாம் சரியாக இருந்தும் எல்-லில் திணறினால். அப்போதும் மூன்று விதிகள். ஒன்று, ரோலர்களை முழு செட்டாக மாற்றுங்கள், ஒன்றிரண்டை மட்டும் மாற்றக் கூடாது. ரெண்டு, ஒரே தாவலில் எடையைக் குறைக்காமல் ஒவ்வொரு ரோலருக்கும் ஓரிரு கிராம் குறைத்து ஓட்டிப் பாருங்கள். மூன்று, பழைய ரோலரை லேத்தில் கடைந்து எடை குறைக்காதீர்கள். ஒன்றுக்கொன்று எடை வித்தியாசப்பட்டால் அதிர்வு வந்து ஷாஃப்ட் பேரிங் போகும். சந்தேகம் இருந்தால் நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். சங்கிலியை எடுத்துப்போவதைவிட ரோலரை எடுத்துப்போவது நல்லது.

இழுவை கூடினால் ஆபத்தும் கூடும். எடை குறைந்த ரோலரோடு சட்டென்று ஆக்ஸிலேட்டர் கொடுத்தால், பின்னால் பாரம் இருக்கிற வண்டி வரப்பில் முன்பக்கம் தூக்கும். டிரெய்லரை வண்டியோடு வந்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். கேரியர் கம்பியில், உயரத்தில் கட்டினால் வண்டி பின்பக்கம் மல்லாக்கச் சாயும். ஆஸ்திரேலியாவில் பண்ணை வேலைக்கு இந்த வண்டிகள் அதிகம். கவிழ்ந்து நசுங்கிச் செத்தவர்களும் அங்கே அதிகம். அதனால்தான் 2021 அக்டோபரிலிருந்து அங்கே விற்கிற புதிய பண்ணை ஏ.டி.வி.களில், கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் அமைப்பு கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். நம் தோப்பிலும் ஹெல்மெட் போடுங்கள். ஒருவர் ஓட்டும் வண்டியில் பின்னால் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

சைலன்ஸர் விஷயம்

தம்பிக்கு ஆசை இதில்தான். எனக்கும் அந்த வயதில் இருந்தது, மறைக்கவில்லை.

சத்தம் என்பது சக்தி அல்ல. இன்ஜின் உள்ளே இழுக்கிற காற்றுக்கும் பெட்ரோலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. புகை வெளியேறுவதைச் சுலபமாக்கினால் காற்று கூடும், பெட்ரோல் கூடாது. கார்புரேட்டர் வண்டியில் ஜெட் மாற்ற வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டியில் கம்ப்யூட்டரில் அளவு மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் குழாயை மட்டும் மாற்றினால் கலவை மெலிந்து இன்ஜின் சூடாகும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் பட பட என்று வெடிக்கும். பிளக் முனை வெளுக்கும். நாளடைவில் புகை வால்வு கருகும். எல்லாம் சரியாகச் செய்தாலும், கிடைக்கிற கூடுதல் சக்தி பெரும்பாலும் உச்ச வேகத்தில்தான் வரும். மருந்தடிக்க நாம் போவது நடை வேகத்தில். பந்தயக் குதிரை லாடத்தை உழவு மாட்டுக்கு அடிப்பது போலத்தான் அது.

நெருப்பையும் மறக்கக் கூடாது. புதுக் குழாயில் பொறி தடுக்கும் வலை இருக்காது. நம் மாவட்டத்துச் சவுக்குத் தோப்பில் காய்ந்த ஊசி இலை மெத்தையாகக் கிடக்கும். அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் கிடக்கும். அமெரிக்காவில் 2016-இல் பொலாரிஸ் கம்பெனி தன் ஆர்.இசட்.ஆர். 900, 1000 வண்டிகளில் சுமார் 1,33,000-ஐத் தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதாகத் திரும்ப அழைத்தது. 160-க்கும் மேற்பட்ட தீ விபத்துகள், 15 வயதுப் பிள்ளை ஒன்று இறந்தது. கம்பெனி வடிவமைத்த வண்டிக்கே அந்த நிலை என்றால், பட்டறையில் பற்றவைத்த குழாயை எந்த நம்பிக்கையில் காய்ந்த புல்லில் ஓட்டுவது? வேலை முடிந்ததும் சைலன்ஸரைச் சுற்றிச் சிக்கிய புல்லை எடுத்துவிட்டு, சூடு ஆறிய பிறகே கொட்டகைக்குள் விடுங்கள்.

அடுத்தது காது. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியாஷ், 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி, 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். தம்பியைக் கேட்டேன், “கம்பெனியில் காதுக்கு என்ன தருகிறார்கள்?” “இயர் பிளக் இல்லாமல் ஷாப் ஃப்ளோருக்கே விடமாட்டார்கள் சார்” என்றார். எட்டு மணி நேரம் காப்பாற்றிய காதை, வீட்டுக்கு வந்து நம் தோப்பில் நாமே கெடுப்பதா?

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு இருபது வயதில், ஏற்றத்துக்குப் பதிலாக வந்த ஆயில் இன்ஜினின் சைலன்ஸர் ஓட்டை விழுந்தது. புதுசு வாங்காமல் கழற்றி வீசிவிட்டு வெறும் குழாயோடு ஓட்டினேன். தண்ணீர் கூடுதலாக வருவது போலத் தோன்றியது. அளந்து பார்த்தேனா, இல்லை. இரண்டு வருஷம் தினமும் பக்கத்தில் நின்றேன். இன்றைக்கு வலது காதில் பேச்சு பாதிதான் விழும். பேரன் கூப்பிட்டால் இடது பக்கம் திரும்புகிறேன். போன காது திரும்பி வராது. அதற்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவு எண் இல்லாத ஏ.டி.வி.யை நிலத்துக்குள் மட்டுமே ஓட்டலாம். பெட்ரோல் போட ஜி.என்.டி. ரோட்டுக்கு எடுத்துப்போவதாகத் தம்பி சொன்னார். வேண்டாம். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி, லாரிகள் ஓடுகிற சாலை. ஏதாவது ஆனால் நிலத்தை விற்றாலும் தீராது. சர்வீஸுக்குக் கொண்டுபோக லோடு ஆட்டோ பிடியுங்கள்.

பொலாரிஸ் 2020-இல் ஸ்போர்ட்ஸ்மேன் 570 டிராக்டர் என்ற ஏ.டி.வி.யை, டிராக்டர் வகையில் பதிவு செய்யும்படி இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போதைய விலை சுமார் 8 லட்சம். அப்படிப் பதிவான வண்டியாக இருந்தாலும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. விதிகளின்படி டிராக்டர் உட்பட எல்லா வாகனத்துக்கும் சைலன்ஸர் கட்டாயம். பொது இடத்தில் சத்த அளவை மீறி ஓட்டினால் 190(2) பிரிவின் கீழ் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸ் முடக்கம் எல்லாம் வரும். டிராக்டரில் சைலன்ஸரை மாற்றி ஊர்வலம் விடும் தம்பிகளுக்கும் இது பொருந்தும்.

அம்மா, சங்கிலி பீரோவிலேயே இருக்கட்டும். உங்கள் மகன் கெட்டிக்காரர். வேலைக்கும் போய்க்கொண்டு தோப்பையும் விடாமல் பார்க்கிற பிள்ளை. வண்டி மேல் இருக்கிற ஆசையை சர்வீஸ் நோட்டுப் போடுவதில் காட்டச் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தில் தேதி போட்டு, பெல்ட் அகலத்தை எழுதி எனக்குக் காட்டிவிட்டார்.

மற்ற கேள்விகள்

“பவர் டில்லரில் சேறு அடிக்கும்போது கிளட்ச் வழுக்குகிறது. ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வைத்து இறுக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?” – ஊத்துக்கோட்டை வாசகர்

வேண்டாம். முதலில் இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவில் ஓடும் வி-பெல்ட்டுகளின் இறுக்கத்தைப் பாருங்கள். பெல்ட் வழுக்குவதையே கிளட்ச் வழுக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியென்றால், கிளட்ச் லீவரில் கையேட்டில் சொன்ன அளவு ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டமே இல்லாமல் கேபிளை இறுக்கியிருந்தால் தட்டுகள் முழுசாகச் சேராது. அதுவும் சரியென்றால் ஆயில் சீல் கசிந்து தட்டில் எண்ணெய் பட்டிருக்கும். சீலை மாற்றிவிட்டுத் தட்டை மாற்றுங்கள். வாஷர் வைத்து இறுக்கினால் இன்றைக்குப் பிடிக்கும், ஆனால் அவசரத்துக்கு விடாது. டில்லரில் கிளட்ச்தான் உயிர் காக்கும் பிரேக். ரோட்டரி கத்தி சுற்றும்போது ரிவர்ஸ் எடுக்கவே எடுக்காதீர்கள். சேற்றில் பின்னால் கால் வழுக்கினால் கத்தி நம் மேல் ஏறும்.

“டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-இல் தினமும் காய்கறி மூட்டை ஏற்றுகிறேன். புறப்படும்போது வண்டி உதறுகிறது, கிளட்ச் பிடிக்கத் தாமதமாகிறது. சைலன்ஸர் மாற்றினால் சரியாகுமா?” – திருத்தணி வாசகர்

சைலன்ஸருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் வண்டியில் இருப்பதும் வேகத்தால் விரிந்து பிடிக்கும் கிளட்ச்தான், எண்ணெயில் நனைந்து ஓடுகிற வகை. கார் இன்ஜின் ஆயிலை விலை குறைவு என்று ஊற்றினால் வழவழப்பு கூடி வழுக்கும். கம்பெனி சொன்ன இருசக்கர வாகன ஆயிலையே, சொன்ன அளவுக்கு ஊற்றுங்கள். அதற்குப் பிறகும் உதறினால் கிளட்ச் ஷூ தேய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள். பாரத்தோடு மேட்டில் நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கி வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். பிரேக் பிடியுங்கள். ஷூ தேய்வதில் பாதி அங்கேதான்.

“சொந்தமாக இயந்திரம் வாங்க வசதியில்லை. வாடகைக்கு எங்கே கேட்பது?” – பொன்னேரி வாசகர்

வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர் முதலான இயந்திரங்களை மணிக்கணக்கு வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். எந்த நிலத்துக்கு எந்தக் கருவி என்ற சந்தேகத்துக்குத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். வாங்கிக் கடனில் மாட்டுவதைவிட, ஒரு பருவம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

அடுத்த இதழில், மழைக்கு முன் ஆயில் இன்ஜினையும் மோட்டாரையும் தயார் செய்வது பற்றிப் பார்ப்போம். வண்டியின் பெயர், வாங்கிய வருஷம், என்ன வேலைக்கு ஓட்டுகிறீர்கள் என்ற மூன்றையும் கேள்வியோடு எழுதுங்கள். பதில் சொல்ல வசதியாக இருக்கும்.